ஒரு திருகு, ஆறு முடிவுகள்

ஸ்போர்ட்ஸ் காரின் டிரைவ் மோடு என்பது, காரின் பல பாகங்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று தொழிற்சாலையிலேயே எழுதிவைத்த கட்டளைகளின் தொகுப்பு. ஓட்டுபவர் ஸ்டியரிங்கில் உள்ள திருகை ஒரு படி திருப்பினால், எஞ்சின், கியர்பாக்ஸ், ஷாக் அப்சார்பர், ஸ்டியரிங், எக்ஸாஸ்ட், சறுக்கலைத் தடுக்கும் மின்னணுக் காவல் ஆகிய ஆறில் பலவும் ஒரே நேரத்தில் வேறு குணத்துக்கு மாறிவிடும். நார்மல், ஸ்போர்ட், ஸ்போர்ட் பிளஸ் என்று பெயர்கள் ஏறுவரிசையில் நிற்பதால், கடைசிப் படியில்தான் கார் தன் முழு வேகத்தையும் காட்டும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் ஆறு பாகங்களின் தேவையும் ஒன்றல்ல. சாலைக்குச் சாலை அது மாறும். சரியான மோடைத் தேர்வது இந்த ஆறையும் தனித்தனியாகப் பார்ப்பதில் தொடங்குகிறது.

இந்த ஏற்பாடு 2000-களின் நடுவில் வேர்பிடித்தது. ஃபெராரி 2004-ல் வெளியிட்ட எஃப்430 காரின் ஸ்டியரிங்கில், பந்தயக் கார்களின் பாணியில் ‘மனெட்டீனோ’ என்ற சிறு திருகு இடம்பெற்றது. பனி, வழுக்கும் தரை, ஸ்போர்ட், ரேஸ், காவல் நீக்கம் என ஐந்து நிலைகள் அதில் இருந்தன. 2005-ல் விற்பனைக்கு வந்த பிஎம்டபிள்யூ எம்5 எஞ்சினின் சக்தியையே பங்கிட்டது. அதன் 5 லிட்டர் வி10 எஞ்சின் ஸ்டார்ட் செய்ததும் 400 குதிரைத்திறனோடு நின்றுகொள்ளும். பொத்தானை அழுத்திக் கேட்டால்தான் 507 குதிரைத்திறனும் வரும். 2007-ல் நிசான் ஜிடி-ஆர் கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன், மின்னணுக் காவல் மூன்றுக்கும் மூன்று தனிச் சுவிட்சுகளை வைத்தது. எல்லாவற்றையும் ஒரே திருகில் கட்டித் தருவது ஃபெராரியின் வழி. பிரித்துத் தருவது நிசானின் வழி. இன்றைய கார்கள் பலவும் கட்டுகளாகச் சில மோடுகளைத் தந்துவிட்டு, ‘இண்டிவிஜுவல்’ என்ற பெயரில் பிரித்து அமைக்கும் வசதியையும் சேர்த்தே தருகின்றன.

முதலில் எஞ்சின். பெரும்பாலான ஸ்போர்ட்ஸ் கார்களில் எஞ்சினின் உச்ச சக்தி எந்த மோடிலும் ஒன்றுதான். பழைய எம்5 விதிவிலக்கு. இன்றைய ஆக்சிலரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையே கம்பி இணைப்பு இல்லை. பெடல் எவ்வளவு அழுத்தப்படுகிறது என்பதை ஒரு சென்சார் கணினிக்குச் சொல்கிறது. எவ்வளவு விசை தருவது என்பதைக் கணினி முடிவு செய்கிறது. ஸ்போர்ட் மோடில் இந்தக் கணக்கு மாறி, பெடலைக் கொஞ்சம் மிதித்தாலே நிறைய விசை கிடைக்கும். முழுக்க மிதித்தால் இரண்டு மோடிலும் கிடைப்பது ஒன்றே. பாதி மிதியில் கார் பாய்வதால் சக்தி கூடியதுபோல் இருக்கிறது. இதற்கு ஒரு விலையும் உண்டு. விசை முழுவதும் பெடலின் மேல்பகுதியில் நெருக்கப்படுவதால், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுக்கும் நுணுக்கம் குறைகிறது. நெரிசலிலும், கால் ஆடும் குண்டுகுழிச் சாலையிலும் கார் வெட்டிவெட்டிப் போவது இதனால்தான்.

அடுத்தது கியர்பாக்ஸ். போர்ஷே 911 காரின் 992 தலைமுறை 2018 இறுதியில் அறிமுகமானது. அதன் எட்டு கியர் பிடிகே கியர்பாக்ஸ் நார்மலில் சீக்கிரமே மேல் கியருக்குப் போய்விடும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சினைச் சக்கரத்திலிருந்து விடுவித்துக் காரை உருளவிட்டு எரிபொருளை மிச்சம் பிடிக்கும். ஸ்போர்ட்டில் உருளவிடுவது நின்றுபோகும். கியர் மாறுவது தள்ளிப்போகும். பிரேக் பிடிக்கும்போதே கீழ் கியருக்கு இறங்கிவிடும். ஸ்போர்ட் பிளஸ்ஸில் எஞ்சின் எப்போதும் உயர்ந்த சுழற்சியில் காத்திருக்கும். ரேஸ் டிராக்கில் இது பொருத்தம். ஊருக்குள், அடுத்த சிக்னல் வரைக்கும் இரண்டாம் கியரில் எஞ்சின் கத்திக்கொண்டே போகும்.

தேர்வில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது சஸ்பென்ஷன்தான். சாதாரண சுருள் ஸ்பிரிங் உள்ள ஸ்போர்ட்ஸ் காரில் மோடு மாறினால் ஸ்பிரிங்கின் கடினம் மாறுவதில்லை. ஷாக் அப்சார்பர் அசைவுக்குக் காட்டும் எதிர்ப்புதான் மாறுகிறது. பல கார்களில் மின்சார வால்வு எண்ணெயின் பாதையைச் சுருக்குகிறது. 2003 மாடல் முதல் கார்வெட்டில் கிடைத்துவரும் முறையில், ஷாக் அப்சார்பருக்குள் இரும்புத்துகள் கலந்த திரவம் இருக்கும். காந்தப்புலம் பாய்ந்ததும் அது கணநேரத்தில் இறுகிவிடும். முறை எதுவானாலும் பலன் ஒன்றே. எதிர்ப்பைக் கூட்டினால், வளைவில் கார் சாய்வதும் பிரேக்கில் மூக்கு தாழ்வதும் மெதுவாகும். ஸ்டியரிங் திருப்பலுக்குக் கார் உடனே பதில் சொல்லும். சமதளமான பாதையில் இது ஆதாயம். மேடுபள்ளத்தில் இதே கடினம் எதிராகத் திரும்புகிறது. சக்கரம் பள்ளத்துக்குள் வேகமாக இறங்க முடியாமல் ஒரு கணம் தரையின் மேல் மிதக்கிறது. தரையை அழுத்தாத டயருக்குப் பிடிமானம் கிடையாது. அந்தக் கணத்தில் பிரேக்கோ ஸ்டியரிங்கோ முழுதாக வேலை செய்யாது.

இதைப் பந்தய உலகம் நன்றாக அறிந்திருந்தது. பந்தய ஓட்டுநர் மைக்கேல் ஷூமாக்கர் உருவாக்கத்தில் பங்கெடுத்த ஃபெராரி 430 ஸ்குடேரியாவில், திருகை ரேஸில் வைத்துவிட்டு ஷாக் அப்சார்பரை மட்டும் மென்மையாக்கும் தனிப் பொத்தான் இருந்தது. பின்னால் வந்த 458 இத்தாலியாவில் அந்தப் பொத்தான் ஸ்டியரிங்குக்கே வந்து சேர்ந்தது. வேகமான ஓட்டுநருக்கும் மென்மையான சஸ்பென்ஷன் வேண்டியிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஸ்டியரிங்கில் மாறுவது பெரும்பாலும் மின்மோட்டார் தரும் உதவியின் அளவு. ஸ்போர்ட்டில் உதவி குறைந்து, சக்கரத்தைத் திருப்பக் கை கூடுதல் பலம் கொடுக்க வேண்டியிருக்கும். கனம் கூடுவதால் சாலையின் தன்மை கைக்குக் கூடுதலாகத் தெரிந்துவிடாது. நேர்பாதையில் அதிவேகத்தில் கனமான ஸ்டியரிங் நிதானம் தரலாம். தொடர்வளைவுகளில் இலகுவானது களைப்பைக் குறைக்கும். இது முழுக்கக் கையின் விருப்பம். எக்ஸாஸ்ட்டில் நடப்பது இன்னும் எளியது: குழாயில் உள்ள தடுப்பு திறந்துகொள்கிறது, சத்தம் கூடுகிறது. அதிகாலையில் தெருவைவிட்டுக் கிளம்புபவர் இதை மட்டும் அணைத்துவைக்க விரும்புவார் என்பதால்தான் பல கார்களில் இதற்குத் தனிப் பொத்தான்.

ஆறாவது, மின்னணுக் காவல். பாஷ் நிறுவனமும் மெர்சிடிஸ் பென்ஸும் 1995-ல் எஸ்-கிளாஸில் கொண்டுவந்த ஈஎஸ்பி, கார் திரும்ப வேண்டிய திசையையும் உண்மையில் திரும்பும் திசையையும் ஒப்பிட்டு, தேவைப்படும் சக்கரத்தில் மட்டும் பிரேக் போட்டுச் சறுக்கலை நிறுத்துகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பர் முதல் புதுக்கார்கள் எல்லாவற்றுக்கும் இது கட்டாயம். ஸ்போர்ட் நிலையில் இந்தக் காவல் கொஞ்சம் பொறுத்திருந்து, பின்சக்கரம் சிறிது வழுக்கிய பிறகே தலையிடும். மெர்சிடிஸ்-ஏஎம்ஜி ஜிடி ஆர் காரில் சக்கரச் சுழலலை அனுமதிக்கும் அளவை ஒன்பது படிகளிலும், பிஎம்டபிள்யூவின் அண்மைய எம்3, எம்4 கார்களில் பத்துப் படிகளிலும் அமைக்கலாம். இந்தப் படிகள் ஈஎஸ்பியை அணைத்த பிறகு பயன்படுபவை; ரேஸ் டிராக்குக்கென்றே வைக்கப்பட்டவை. மற்ற ஐந்திலும் தவறான தேர்வால் போவது சுகமோ நுணுக்கமோதான். இதில் தவறினால் போவது பாதுகாப்பு.

நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் கார்களில் ஏழாவதாக ஒன்று சேரும்: முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பங்கிடுவது. 2020-ல் வந்த டொயோட்டா ஜிஆர் யாரிஸில் நார்மல் மோடு 60:40 என்று முன்சக்கரங்களுக்குக் கூடுதலாகவும், ஸ்போர்ட் 30:70 என்று பின்சக்கரங்களுக்குக் கூடுதலாகவும், டிராக் மோடு சரிபாதியாகவும் கொடுத்தது. பின்பக்கத்தை அலையவிட்டு விளையாட ஸ்போர்ட். நேரத்தைக் குறைக்க டிராக். பெயர்கள் ஏணிப்படிகள் அல்ல என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. ஒரே பெயர் எல்லாக் காரிலும் ஒரே பொருள் தருவதும் இல்லை. ஆல்பீன் ஏ110 காரின் ஷாக் அப்சார்பர் எந்த மோடிலும் மாறாது. ஸ்போர்ட்டை அழுத்தினாலும் அது மென்மையாகவே ஓடும். எனவே காரோடு வரும் கையேட்டில், எந்த மோடு எந்தப் பாகத்தைத் தொடுகிறது என்ற பட்டியலைப் படிப்பது தேர்வின் முதல் வேலை.

இனி சாலைக்கேற்ற தேர்வு. நகரத்துக்கும் நீண்ட நெடுஞ்சாலைக்கும் நார்மல் போதும். எஞ்சின் அமைதியாக இருக்கும், எரிபொருள் மிஞ்சும், சஸ்பென்ஷன் சாலையை உள்வாங்கும். ஒரு லாரியை முந்துவதற்காக மோடு மாற்ற வேண்டியதில்லை. ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்தால் கியர்பாக்ஸ் தானே கீழே இறங்கும். ஸ்போர்ட் குரோனோ தொகுப்பு உள்ள 911-ல் இதற்கென்றே திருகின் நடுவில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் எஞ்சினும் கியர்பாக்ஸும் 20 நொடிகளுக்கு மட்டும் உச்ச விழிப்பில் நிற்கும். மீதமுள்ள நொடிகளை மீட்டர் எண்ணிக் காட்டும். பிறகு எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும்.

மழைக்கு வெட் மோடு. 992-ன் முன்சக்கரக் கூண்டுகளுக்குள் உள்ள ஒலி சென்சார்கள், டயர் வாரியிறைக்கும் நீரின் சத்தத்தைக் கேட்டுச் சாலை நனைந்திருப்பதை அறிகின்றன. உடனே காவல் அமைப்புகள் தயார்நிலைக்கு வருகின்றன. வெட் மோடுக்கு மாறும்படி திரையில் பரிந்துரை தோன்றுகிறது. மாற்றும் வேலை ஓட்டுநருடையது. மாற்றினால் ஆக்சிலரேட்டர் சாந்தமாகும். விசை மெல்ல ஏறும். உயர்வேகத்தில் பின் இறக்கை எழுந்து பின்சக்கரங்களை அழுத்தும். ஆனால் தேங்கிய நீரின் மேல் டயர் மிதக்கத் தொடங்கிவிட்டால் எந்த மோடும் காப்பாற்றாது. அங்கே உதவுவது டயரின் பள்ளமும் குறைந்த வேகமும்தான்.

மலைப்பாதையில்தான் பிரித்து அமைப்பதன் அருமை தெரியும். இத்தாலிய ஆல்ப்ஸில் 2,757 மீட்டர் உயரத்துக்கு ஏறும் ஸ்டெல்வியோ கணவாயின் வடக்குச் சரிவில் 48 கொண்டையூசி வளைவுகள் இருக்கின்றன. இப்படிப்பட்ட பாதையில் கியர்பாக்ஸ் ஸ்போர்ட்டில் இருந்தால் வளைவுக்கு முன்பே கியர் இறங்கியிருக்கும். இறக்கத்தில் எஞ்சினே காரைப் பிடித்து பிரேக்கின் சூட்டைக் குறைக்கும். ஷாக் அப்சார்பர் நார்மலில் இருந்தால், உடைந்த தார் விளிம்புகளில் டயர் தரையை விடாது. காவலை முழுதாக வைத்திருக்க வேண்டும்; எதிரே வருபவரும் வளைவுக்கு அப்பால் சிந்திக் கிடக்கும் சரளையும் கண்ணுக்குத் தெரிவதில்லை. எஞ்சின் விழிப்பாக, சஸ்பென்ஷன் மென்மையாக, காவல் முழுதாக: பொதுச்சாலையில் வேகமாகவும் நிதானமாகவும் போக இதுவே பெரும்பாலும் பொருந்தும் சேர்க்கை. தொழிற்சாலை கட்டித்தரும் ஸ்போர்ட் பிளஸ்ஸில் இது கிடைக்காது, இண்டிவிஜுவலில் கிடைக்கும்.

ரேஸ் டிராக்கிலும் ஒரே விடை இல்லை. வழவழப்பான நவீன கிராண்ட் பிரீ பாதையில் எல்லாவற்றையும் இறுக்கி வைக்கலாம். சுமார் 20.8 கிலோமீட்டர் நீளமுள்ள நூர்புர்க்ரிங் நார்ட்ஷ்லைஃபேயில் மேடுகளில் கார் எழும்பும் இடங்களும், கான்கிரீட் பலகைகள் பதித்த காருசெல் வளைவும் உண்டு. அங்கே கடினமான நிலை டயரைத் தரையிலிருந்து பிரித்துவிடும். எங்கு ஓட்டினாலும் முதல் சில சுற்றுகளில் டயர் சூடேறியிருக்காது என்பதால் காவலைத் தளர்த்துவது பிறகுதான்.

எந்தச் சேர்க்கையைத் தேர்ந்தாலும், எஞ்சினை அணைத்துத் திரும்ப ஸ்டார்ட் செய்தால் பல கார்கள் நார்மலுக்கே வந்து நிற்கும். இது மறதி அல்ல. ஐரோப்பாவில் 2017 முதல் நடைமுறையில் உள்ள டபிள்யூஎல்டிபி சோதனை, ஸ்டார்ட் செய்ததும் எப்போதும் தானாக வரும் மோடு ஒன்று இருந்தால் அதிலேயே எரிபொருள் செலவையும் புகையையும் அளக்க இடம் தருகிறது. சிக்கனமான மோடு தானாக வந்தால்தான் காருக்குச் சாதகமான எண் கிடைக்கும். பிஎம்டபிள்யூ எம் கார்களின் ஸ்டியரிங்கில் உள்ள எம்1, எம்2 என்ற சிவப்புப் பொத்தான்கள் இந்தத் தொல்லைக்குத் தீர்வு: பிடித்த சேர்க்கையை ஒருமுறை பதிந்துவைத்தால் பிறகு ஒரே அழுத்தலில் அழைத்துக்கொள்ளலாம்.

ஹைபிரிட் கார்களில் தேர்வு இரட்டிப்பாகிறது. 2019-ல் வந்த ஃபெராரி எஸ்எஃப்90 ஸ்ட்ராடாலேயில் பிடிமானத்துக்கு ஒரு திருகு, பேட்டரிக்கு ஒரு தொடுபலகை. பேட்டரிக்கான நிலைகளில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ எஞ்சினை ஓடவிட்டுச் சார்ஜைக் காக்கும். ‘குவாலிஃபை’ சார்ஜைச் செலவழித்து முழுச் சக்தியையும் தரும். பல சுற்றுகள் ஓட்டப்போகிறவருக்கு முதலாவது, ஒரே சுற்றில் நேரம் பார்ப்பவருக்கு இரண்டாவது.

புதிதாக ஒரு காரை அமைப்பவருக்கு வரிசை முக்கியம். காவலை முழுதாக வைத்து, மற்றவற்றை நார்மலில் விட்டு, பழகிய ஒரே சாலையில் ஒரு முறைக்கு ஒரு பாகத்தை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். முதலில் சஸ்பென்ஷன், அது சாலையின் தரத்தைப் பொறுத்தது. அடுத்து கியர்பாக்ஸும் எஞ்சினும், அவை வளைவுகளின் நெருக்கத்தைப் பொறுத்தவை. பிறகு கைக்குப் பிடித்த ஸ்டியரிங் கனம். கடைசியில் காதுக்குப் பிடித்த சத்தம். காவலைத் தளர்த்துவது மூடிய டிராக்கில், அதுவும் படிப்படியாக.