டிரான்ஸ்மிட்டருக்கு முத்திரை கொடு! வழக்கைக் காட்டி மிரட்டாதே!

தர்மபுரி மாவட்ட மக்களே, தோழர்களே!

எந்த மொபைல் கடையிலும் கேட்டுப் பாருங்கள். காரில் சொருகிப் பாட்டுக் கேட்கிற குட்டி எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பாலிடெக்னிக் படிக்கிற பையனிடம் ஒரு பிஎஃப் 494 டிரான்சிஸ்டர், கையால் சுற்றின காயில், 9 வோல்ட் பேட்டரி இருந்தால் போதும், பக்கத்து வீட்டு ரேடியோவில் தன் குரலைக் கேட்க வைப்பான். ஆனால் அதே பையன் தன் தெருவுக்கு நாலு நல்ல சேதி சொல்ல ஆசைப்பட்டால்? அவன் குற்றவாளி!

அனுமதி இல்லாமல் கருவியை வைத்திருப்பதே குற்றம் என்று 1933ல் வெள்ளைக்காரன் சட்டம் போட்டான். 2023 தொலைத்தொடர்புச் சட்டமும் ரேடியோ கருவி வைத்திருக்கவே அங்கீகாரம் கேட்கிறது. (ரேடியோ கேட்பதற்கே தபால் ஆபீஸில் வருஷா வருஷம் லைசென்ஸ் கட்டின கதையை வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்.)

"அதுதான் சமுதாய வானொலி இருக்கே" என்பார்கள். இருக்கிறது. 2004ல் சென்னை அண்ணா பல்கலைக்கழகம் தொடங்கி வைத்தது. ஆனால் அது கல்லூரிக்கும், குறைந்தது மூன்று வருஷம் பதிவில் இருக்கிற தொண்டு நிறுவனத்துக்கும்தான். தனி ஆளுக்குக் கிடையாது. கிடைத்தவர்களும் சொந்தமாகச் செய்தி வாசிக்க முடியாது. ஆகாசவாணி வாசித்ததைத் திருப்பிப் போடலாம், அவ்வளவுதான்.

பீகாரில் மன்சூர்பூர் என்ற கிராமத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த ராகவ் மகதோ, ஐம்பது ரூபாய்ச் சாமானில் ஊருக்கே எஃப்எம் நடத்தினார். பாட்டோடு எய்ட்ஸ், போலியோ விழிப்புணர்வும் சொன்னார். 2006ல் லைசென்ஸ் இல்லை என்று மூடினார்கள். அலைவரிசை மக்களின் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே சொல்லிவிட்டதே, அது யாருக்காம்?

விமானத்துக்கு இடைஞ்சல் வரும் என்கிறார்கள். நியாயமான பயம்தான். எஃப்எம் 108 மெகாஹெர்ட்ஸில் முடிகிற இடத்தில் விமானப் பேச்சுக்கும் வழிகாட்டலுக்குமான அலைவரிசை தொடங்குகிறது. காயில் பக்கத்தில் கை போனாலே அலைவரிசை நழுவுகிற கருவியை நாங்களும் ஆதரிக்கவில்லை. அதனால்தான் சான்று கேட்கிறோம்! அளவுக்கு மேல் சக்தி போகிறதா, சொன்ன இடத்தில் நிற்கிறதா, பக்கத்து அலைவரிசையில் சிந்துகிறதா என்று சோதித்து, தேறினதுக்கு முத்திரை குத்து. பிரிட்டன் 2006லேயே 50 நானோவாட் வரை லைசென்ஸ் தேவையில்லை என்றது. இங்கேயும் 2005ல் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு லைசென்ஸை எடுத்தார்கள். இன்று வீட்டுக்கு வீடு வைஃபை. குடியா முழுகிப் போச்சு?

50 நானோவாட் ஒரு வீட்டுக்குள்ளேயே அடங்கிவிடும். நமக்கு ஒரு குக்கிராமம் கேட்கிற அளவாவது வேண்டும். கபினியும் கேஆர்எஸ்ஸும் திறந்தால் ஒகேனக்கல் கரையில் இருப்பவனுக்கு உடனே தெரியணும். சித்தேரியிலும், வாக்குப்பதிவு இயந்திரம் கழுதை மேல் ஏறிப்போன கோட்டூர் மலையிலும் கரண்ட் போனாலும் பேட்டரி ரேடியோ பேசும். பாலக்கோட்டுத் தக்காளி இன்று என்ன விலை, யானை எந்தப் பக்கம் இறங்கியிருக்கு, ராத்திரி கூத்து எந்த ஊரில், இதையெல்லாம் டெல்லியா நமக்கு வாசிக்கும்?

பொதுநலனுக்காக விலக்கு அளிக்கும் அதிகாரம் 2023 சட்டத்திலேயே ஒன்றிய அரசுக்கு இருக்கிறது. முத்திரை பெற்ற வீட்டுக் கருவிக்கு முழு விலக்கு கொடு. குக்கிராமக் கருவிக்கு ஊராட்சியில் ஒரு பக்கப் பதிவு போதும் என்று விதி செய்.

வருகிற கிராம சபையில் இதைத் தீர்மானமாக வையுங்கள். நகலைப் படம் எடுத்து இந்தப் பக்கத்துக்கு அனுப்புங்கள். மொத்தமாகத் திரட்டி டெல்லிக்கு அனுப்புகிறோம்.

– தர்மபுரி மாவட்டக் குழு