சிப்பங்கள் இறங்கிய கரை

சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில் மேக்ஸ்வெல் சாலையை ஒட்டிக் கடையநல்லூர் தெரு என்றொரு சிறு தெரு உண்டு. பெயர்ப்பலகையைத் தாண்டி அந்த ஊரை நினைவூட்ட அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. தென்காசிச் சீமையின் அந்த ஊர் தறிச்சத்தத்தில் வளர்ந்தது. தறி சோறு போடாமல் போனபோது கப்பலேறிய முஸ்லிம் குடும்பங்கள் பல இந்தத் துறைமுகத்தைச் சுற்றியே குடியமர்ந்தன. நெய்தவர்களின் பிள்ளைகள், பிறர் நெய்த துணிச் சிப்பங்கள் இறங்கும் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களின் வாரிசுகள் நாம்.

அந்தக் கரையில் இறங்கிய ஜப்பானியத் துணி மலிவானது. கூலிக்காரர் இடுப்புக்குக் கைலி தந்தது. இங்கிலாந்தின் பருத்தி ஆலைகள் நிறைந்த லங்காஷயருக்கு அது பொறுக்கவில்லை. 1934 மே மாதம் லண்டனில் வணிக அமைச்சர் ரன்சிமன், காலனிகளுக்கு வரும் அந்நியப் பருத்தி, ரேயான் துணிக்கு ஒதுக்கீட்டு வரம்பை அறிவித்தார். 1927 முதல் 1931 வரையிலான சராசரி இறக்குமதியே அளவுகோல். சிங்கப்பூரை உள்ளடக்கிய நீரிணைக் குடியேற்றங்களின் சட்டமன்றத்தில் ஆளுநரின் வாக்கே கடைசி வாக்கு; இங்கே அது சட்டமாயிற்று. இலங்கையின் அரசாங்க சபையோ மறுத்துவிட்டது. லண்டன் அரசாணை ஒன்றால் அந்த மறுப்பின் மேல் ஏறி நடந்தது. அதே காலத்தில் அடிமை நாடான இந்தியா சிம்லாவிலும் டெல்லியிலும் ஜப்பானோடு தானே பேரம் பேசியது: ஆண்டுக்கு 15 லட்சம் பொதி பஞ்சை ஜப்பான் வாங்கினால் 40 கோடி கெஜம் துணி வரலாம் என்று முடிந்தது. ஜப்பான் ஆலைகளுக்கு இந்தியப் பஞ்சு வேண்டியிருந்தது. சிம்லாவில் பேசியது அந்தப் பஞ்சுதான் என்றுகூடச் சொல்வேன். நம் கரையில் துணி இறங்கிற்று, பஞ்சு விளையவில்லை.

இந்தக் கதை புதிதும் அல்ல. 1721இல் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்தவே இங்கிலாந்து தடை போட்டது. அன்று அதை அச்சுறுத்தியது நம்மவர் தறி. பிறகு லங்காஷயர் ஜப்பானைக் கண்டு அஞ்சியது, ஜப்பானுக்குப் பின் ஹாங்காங்கை. ஆனால் ஹாங்காங் விஷயத்தில் ஒரு விநோதம் நடந்தது. துணி ஏற்றுமதிக்கு ஒதுக்கீடு வகுத்த 1974இன் பல்லிழை உடன்பாட்டின் கீழ் அந்தக் காலனி தன் ஒதுக்கீட்டைத் தானே பேசிப் பெற்றது. பிரிட்டன் 1973இலேயே ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்துவிட்டதால், பிரஸ்ஸல்ஸோடு பேசும்போது ஆண்ட நாடு மேசையின் எதிர்ப்பக்கத்தில் இருந்தது. 1986இல் ஹாங்காங், உலக வணிக விதிகளை வகுத்த காட் அமைப்பில் தனி உறுப்பினராகவே ஆயிற்று. சுதந்திர சிங்கப்பூர் 1973இல் அங்கே தன் பெயரில் இடம்பிடித்திருந்தது. துணி ஒதுக்கீடுகள் 2005 ஜனவரி முதல் நாளோடு ஒழிந்தன.

2025 ஏப்ரலில் அமெரிக்கா, தடையற்ற வணிக ஒப்பந்தம் இருந்தும், சிங்கப்பூர்ச் சரக்குக்கு 10 விழுக்காடு வரி அறிவித்தபோது ஊரே பரபரத்தது. எனக்கு 1934தான் நினைவுக்கு வந்தது. சிப்பங்கள் இறங்கிய கரையும் மாறிவிட்டது. தஞ்சோங் பகாரின் கொள்கலன் முனையம் 1972இல் திறந்தது; அதன் வேலை இப்போது துவாஸ் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. கடையநல்லூர் தெருவுக்கு மட்டும் இடமாற்றம் இல்லை. மதிய உணவு வேளையில் மேக்ஸ்வெல் அங்காடிக்கு நடக்கும் அலுவலர்கள் அதைக் கடந்து போகிறார்கள், பலகையை நிமிர்ந்து பார்க்காமல்.