பத்து நிமிடத்தின் விலை

இணையவழியே வேலை தரும் அப்வொர்க் தளத்தில் மணிக்கூலிக்கு வேலை பார்ப்பவரின் கணினித் திரையை அதன் நேரக்கணக்கு மென்பொருள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஸ்கிரீன்ஷாட் எடுக்கிறது. எந்த நொடியில் எடுக்கும் என்று அவருக்குத் தெரியாது. கீபோர்டைத் தட்டிய கணக்கும் மவுஸை அழுத்திய கணக்கும் கூடவே பதிவாகின்றன. அந்த நொடியில் திரையில் தன் வங்கிக் கணக்கோ அம்மாவின் ஸ்கேன் அறிக்கையோ இருந்திருந்தால் அந்தப் படத்தை அவர் அழித்துவிடலாம். அழித்தால் அந்தப் பத்து நிமிடத்துக்குக் கூலி கிடையாது.

வீட்டிலிருந்து வேலை என்றதும் பலர் மகிழ்ந்தது பேருந்து நெரிசல் மிச்சம் என்பதற்காக மட்டுமல்ல. எப்போது யோசிப்பது, எப்போது எழுந்து நடப்பது என்பதைத் தாங்களே தீர்மானிக்கலாம் என்பதற்காகவும்தான். கண்காணிப்பு கைவைப்பது அந்த இடத்தில். புரோகிராமில் பிழை எங்கே என்று தாளில் கோடு போட்டுத் தேடுபவரின் விரல்கள் கீபோர்டில் இருக்காது. அலுவலக உரையாடலுக்கான மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் செயலியிலோ கணினி ஐந்து நிமிடம் அசையாதிருந்தால் பெயருக்குப் பக்கத்திலிருக்கும் பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடுகிறது. சிக்கலான வேலையின் நடுவே, புள்ளிக்காகவே மவுஸை ஒருமுறை நகர்த்திவிட்டு வருகிறார்கள். மவுஸைத் தானாக அசைக்கும் கருவிகளும் சந்தைக்கு வந்துவிட்டன. 2024இல் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, கீபோர்டு இயங்குவதுபோல் போலியாகக் காட்டியதாகப் பத்துக்கும் மேற்பட்டோரை நீக்கியது. ஏமாற்றியது தவறுதான். ஆனால் அசைவையே உழைப்பென்று எண்ணும் வரை போலி அசைவு ஒழியாது.

நேரக்கணக்கே கூடாது என்பதல்ல என் வாதம். மணிக்கூலி என்றால் மணிக்கணக்கு வேண்டும். கூடுதல் நேரம் உழைத்தவருக்கு அதுவே சான்று. எத்தனை மணி நேரம் என்று கேட்பது வேறு, அந்த நேரத்துக்குள் புகுந்து உட்காருவது வேறு.

இந்த வேறுபாட்டைச் சில நாடுகள் உணர்ந்திருக்கின்றன. நாள் முழுக்க வெப்கேமராவை இயக்கி வைக்க மறுத்த தன் நெதர்லாந்து ஊழியரை ஓர் அமெரிக்க நிறுவனம் நீக்கியது செல்லாது என்று 2022இல் நெதர்லாந்து நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவருக்குச் சுமார் 75,000 யூரோ கொடுக்கவும் உத்தரவிட்டது. நம் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 எதிர்த்திசையில் நிற்கிறது. வேலைவாய்ப்பு சார்ந்த நோக்கங்களுக்கு ஊழியரின் தரவை அவர் சம்மதமில்லாமலே கையாள அதன் 7ஆம் பிரிவு இடம் தருகிறது. வீட்டுக்குள் இருக்கும் கேமராவும் திரையும் அந்த நோக்கங்களில் அடங்காது என்று ஒரு வரியை நாடாளுமன்றம் அங்கே சேர்க்க வேண்டும்.