மூவடியில் ஒரு திருப்பெயர்

‘தாந்தேயின் காப்பியத்தை ஆங்கில உரைநடையில் படித்தேன். கதை விளங்கிற்று; அதனை ஏழு நூற்றாண்டுகளாக உலகம் போற்றுவதன் காரணம் விளங்கவில்லை’ என்று நம் வாசக அன்பர் ஒருவர் எழுதியுள்ளார். நேர்மையான கேள்வி. உரைநடையில் படித்தவர்க்கு அது விளங்காததில் வியப்பில்லை. அக்காப்பியத்தின் சமயக் கருத்திற் பாதி அதன் யாப்பில் இருக்கிறது.

தாந்தே 1265இல் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரிற் பிறந்தவர். 1302இல் நாடு கடத்தப்பெற்று, மீண்டும் தம் ஊரை மிதியாமலே 1321இல் ரவென்னாவில் மறைந்தார். கற்றோர் இலத்தீனில் எழுதிய காலத்தில், அவர் தம் ஊர்ப் பேச்சுமொழியிலேயே நரகம், உத்தரிப்புத் தலம், விண்ணகம் என்னும் மூன்று காண்டங்களைப் பாடினார். காண்டத்திற்கு 33 படலம், முகப்பாக ஒன்று, ஆக 100. மூன்று என்பது மூவொரு கடவுளைக் குறிக்கும். எண்களையே துருவிக்கொண்டிருப்போர் உளர்; அவர்கள் பின்னே நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை.

செய்யுளின் நடையே நமக்கு முக்கியம். மூன்று அடிகள் ஒரு கண்ணி. முதலடியும் மூன்றாமடியும் ஈற்றில் ஒத்தொலிக்கும். நம் இலக்கணத்தார் இதனை இயைபு என்பர். நடுவடி மட்டும் துணையின்றி நிற்கும். அடுத்த கண்ணியின் முதலடியும் மூன்றாமடியும் அந்த நடுவடியின் ஓசையை ஏற்றுக்கொள்ளும். அங்கே புதியதொரு நடுவடி துணைக்குக் காத்திருக்கும். அந்தாதி பயின்ற நமக்கு இச்சங்கிலி எளிதில் விளங்கும். அந்தாதியிற் சொல் தொடரும். இங்கே ஓசை தொடரும். இக்கணம் விடை பெறாதது அடுத்த கணத்தில் விடை பெறும் என்னும் நம்பிக்கையைச் செவி தானே கற்றுக்கொள்கிறது. நரகத்தின் அடித்தளத்தை அடையும்போதோ, அவ்விடத்திற்கேற்ற கரகரத்த இயைபுகள் தமக்கு வாய்க்கவில்லையே என்று கவிஞர் ஏங்குகிறார்.

ஓசையின் மதிப்பை இவ்வளவு உணர்ந்தவர் ஒரு சொல்லுக்கு மட்டும் தனி விதி செய்தார். விண்ணகக் காண்டத்தில் கிறிஸ்து என்னும் திருப்பெயர் நான்கு இடங்களில் அடியீற்றில் வருகிறது. நான்கிலும் அதற்கு இயைபாக நிற்பது வேறு சொல்லன்று. அப்பெயரே மும்முறை வருகிறது. ஒப்பற்றவனுக்கு ஒத்த ஓசையும் இல்லை என்பது பொருள். நரக காண்டத்திலோ அப்பெயரே இல்லை. குறிப்பாற் சுட்டுவதோடு சரி.

இவற்றுள் 19ஆம் படலம் நாம் ஊன்றிப் படிக்கத்தக்கது. நேர்மையான அரசர்களின் ஆன்மாக்கள் ஒன்றுகூடிக் கழுகு வடிவாய்ப் பேசுகின்றன. கவிஞர் நெஞ்சில் நெடுநாள் உறுத்திய ஐயத்தை அக்கழுகே எடுத்துச் சொல்கிறது: சிந்து நதிக்கரையில் ஒருவன் பிறக்கிறான்; கிறிஸ்துவைப் பற்றிப் பேசுவார் அங்கே எவரும் இலர்; சொல்லாலும் செயலாலும் குற்றமற்று வாழ்ந்து இறக்கிறான்; அவனைத் தண்டிப்பது என்ன நீதி? நம் நாட்டின் பெயரை இக்கேள்வியிற் காணும்போது நமக்கு நெஞ்சம் சற்று நின்றுவிடுகிறது.

கழுகு எளிய விடை தரவில்லை. இறைநீதியை மனிதக் கண்ணால் அளக்க இயலாது என்கிறது. விசுவாசமின்றி ஒருவரும் விண்ணகம் ஏறியதில்லை என்று கண்டிப்பாகவும் சொல்கிறது. உடனே, அப்பெயரை உரக்கக் கூவுவோர் பலர், தீர்ப்பு நாளில் அதனை அறியாதவனைவிடத் தொலைவில் நிற்பர் என்றும் சொல்கிறது. விசுவாசத்தின் பெயர், வாயளவிற் கூவும் பெயர், அறியாதவன் அறியாத பெயர் ஆகிய மூன்றும் அடியீற்றில் ஒரே சொல்லாய் ஒலிக்கின்றன. செவிக்கு வேறுபாடில்லை, வேறுபாடு வாழ்க்கையில் இருக்கிறது. இதனைக் கவிஞர் விளக்கியுரைக்கவில்லை; யாப்பையே பேச விட்டார்.

லாங்பெல்லோ 1867இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பில் இயைபு இல்லை. எந்த அடியும் இயையாத இடத்தில், ஒரு பெயர் மட்டும் பிற சொல்லோடு இயைய மறுப்பதை எவர் உணர்வார்? ஆகவே அன்பர், மூலமும் மொழிபெயர்ப்பும் எதிரெதிர்ப் பக்கங்களில் அச்சிட்ட பதிப்பைத் தேடுக. இத்தாலியச் சொற்களிற் பெரும்பாலானவை உயிரோசையில் முடிவதால், பொருள் தெரியாவிடினும் நம் நாவுக்கு எளிது. 19ஆம் படலத்தின் 104, 106, 108ஆம் அடிகளை வாய்விட்டுப் படித்துப் பார்க்கலாம்.