பலிபீடமும் பந்தியும்

ஒருவருடைய சமய நம்பிக்கையை அளந்தறிவதற்கு ஆலயம் ஏற்ற இடமன்று. அங்கு எல்லோரும் முழந்தாளிடுவர், எல்லோரும் பாடுவர், எல்லோருடைய கைகளும் ஒரே விதமாகவே கூப்பப்படும். வழிபாடு முடிந்து வீடு திரும்பிய பின்னர், அவ்வீட்டின் விறாந்தையில் யார் இருக்கலாம், அடுக்களைக்குள் யார் நுழையலாம், ஒரே மேசையில் யாருடன் உண்ணலாம், யாருடைய மகளை மருமகளாகக் கொள்ளலாம் என்னும் வினாக்களுக்கு அவர் அளிக்கும் விடைகளே அவருடைய நம்பிக்கையின் உண்மையான அளவுகோல்களாகும். இவ்வளவுகோலைக் கொண்டு நோக்குமிடத்து, யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவம் நூற்றாண்டுக் கணக்காக ஒரு தேர்வில் தோல்வியுற்று வந்துள்ளது என்பதைக் கூறாமல் விடுவது நேர்மையாகாது. அத்தேர்வின் பெயர் சாதி.

இவ்வாறு கூறியதும் எழும் மறுப்பு யாவரும் அறிந்ததே. சாதி என்பது சமூக வழக்கம். அது சமயத்தைச் சார்ந்ததன்று. ஒருவர் கிறிஸ்துவை ஏற்றுக்கொள்வது ஆன்மாவின் காரியம். அவர் எந்த வீட்டில் சம்பந்தம் செய்கிறார் என்பது குடும்பத்தின் காரியம். இரண்டையும் கலத்தல் தகாது. படித்தவர்களும் பண்புள்ளவர்களும், ஏன், சில குருமாருங்கூட இவ்வாதத்தை அமைதியாக எடுத்துரைப்பதைக் கேட்கலாம். கேட்பதற்கு நியாயம்போலத் தோன்றும் இக்கூற்றே கிறிஸ்தவ வாழ்வின் அடிவேரை அறுப்பது என்பதை உணர்வோர் சிலரே.

இவ்வாதம் யாழ்ப்பாணத்திலே பிறந்ததன்று. தமிழ்க் கிறிஸ்தவத்தின் தொடக்க காலத்திலேயே பாக்கு நீரிணைக்கு அப்பால் அதற்கு வித்திடப்பட்டுவிட்டது. 1606 இல் மதுரைக்கு வந்த இத்தாலியரான றொபேட் டி நொபிலி, பூணூலும் குடுமியும் சந்தனமும் சமூக அடையாளங்களேயன்றிச் சமய அடையாளங்களல்ல என வாதிட்டார். 1623 இல் உரோமாபுரியும் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. கிறிஸ்தவத்தை இம்மண்ணின் மொழியிலும் மரபிலும் ஊன்றச் செய்யும் அவரது நோக்கத்தைக் குறைகூறுவதற்கில்லை. தமிழ் உரைநடை அவருக்குக் கடன்பட்டுள்ளது. ஆயினும், பூணூலை உள்ளே அனுமதித்த அதே வாயில் வழியாக, அப்பூணூல் குறித்து நின்ற ஏற்றத்தாழ்வு முழுவதும் உள்ளே வந்தது. அதன் விளைவைத் தமிழகத்துத் திருநெல்வேலியிலுள்ள வடக்கன்குளத்திற் காணலாம். அங்கு 1872 இல் எழுந்த கத்தோலிக்க ஆலயம், சாதிக்கொரு கூடமாக இரு கூடங்கள் பிரிந்து சென்று ஒரே பலிபீடத்தின் முன் சந்திக்கும் வகையில் அமைக்கப்பட்டது. இடைச்சுவர் 1910 இலேயே இடிக்கப்பட்டது. சமூக வழக்கம் என்று சொல்லப்பட்டது கல்லும் சுண்ணாம்புமாகப் பலிபீடம் வரையில் நீண்டுவிட்டது என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டுவதில்லை.

புரட்டஸ்தாந்தரின் வரலாறும் இதற்கு விலக்கன்று. 1833 இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் ஆயராயிருந்த டானியல் வில்சன், தென்னிந்தியத் திருச்சபைகளிற் சாதி வேறுபாடு உடனடியாகவும் முற்றாகவும் ஒழிக்கப்படல் வேண்டும் எனச் சுற்றறிக்கை விடுத்தார். திருவிருந்தின்போது எல்லோரும் கலந்து அமரவேண்டும் என்பதே அதன் சாரம். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் இதனை ஏற்காத வேளாளக் கிறிஸ்தவர் பலர் ஆலயத்தைவிட்டு வெளியேறினர். பக்திச் சுவை நிரம்பிய கீர்த்தனைகளை இயற்றிய வேதநாயகம் சாஸ்திரியாரே சாதி வழக்கத்துக்குச் சார்பாக எழுதியவர் என்பது வருத்தத்துடன் நினைவுகூரற்பாலது. சாதியைக் கைவிடுவதைக் காட்டிலும் ஆலயத்தைக் கைவிடுவது அவர்களுக்கு எளிதாயிருந்தது.

யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிசனரிமார் 1816 இல் தமது பணியைத் தொடங்கினர். வட்டுக்கோட்டைச் செமினரி 1823 இலும் உடுவில் மகளிர் விடுதிப் பாடசாலை 1824 இலும் நிறுவப்பெற்றன. இவை தந்த கல்வியின் பயனை எவரும் மறுக்கவியலாது. ஆனால், விடுதிப் பாடசாலைகள் தொடங்கிய காலத்தில், மிசன் வளவினுள் சமைத்த உணவை உண்ண உயர்சாதி மாணவர் மறுத்தமையால், அயலிலிருந்த சைவர் ஒருவரின் காணியிற் சமையற்கூடம் அமைக்க நேர்ந்தது. நாளடைவில் அவ்வேற்பாடு மறைந்தது உண்மையே. எனினும், கல்வியையும் அதன்வழி வரும் உத்தியோகத்தையும் பெற விழைந்த மேல்தட்டினரின் ஆதரவிலேயே மிசன் பாடசாலைகள் பெரிதும் தங்கியிருந்தன. அவர்களைப் பகைத்துக்கொண்டு அப்பாடசாலைகள் நடைபெற்றிருக்க முடியாது. ஆதலின் சாதியைக் கண்டிக்கும் பிரசங்கமும் சாதியோடு இணங்கிப்போகும் நிருவாகமும் ஒருங்கே வளர்ந்தன. பிள்ளைகள் பைபிளையும் கற்றனர். பைபிளை எவ்வளவு தூரம் கடைப்பிடித்தாற் போதும் என்பதையும் கற்றனர்.

சாதி சமயத்தைச் சார்ந்ததன்று என்போர் தமது வேதநூலையே மீண்டும் படித்தல் நன்று. ஆதித் திருச்சபையை முதன்முதலிற் பிளக்க முற்பட்ட பிரச்சினைகளுள் ஒன்று பந்திப் பிரச்சினையே. அந்தியோக்கியாவிற் புறவினத்தாருடன் ஒன்றாக இருந்து உண்ட பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அஞ்சி ஒதுங்கிக்கொண்டார். பவுல் அதனைச் சமூக வழக்கம் என்று சொல்லிக் கடந்துபோகவில்லை. எல்லோர் முன்னிலையிலும் பேதுருவை நேருக்கு நேர் கண்டித்தார். அச்செயல் சுவிசேஷத்தின் உண்மைக்கே முரணானது எனக் கலாத்தியருக்கு எழுதினார். கொரிந்தில் வசதி படைத்தோர் முந்தி உண்ண, வறியோர் பசித்திருந்த திருவிருந்தைத் திருவிருந்தாகவே அவர் ஏற்கவில்லை. பொன்மோதிரம் அணிந்து வருபவனுக்கு ஆசனமும், கந்தை உடுத்து வருபவனுக்குக் கால்மாட்டில் இடமும் காட்டும் சபையை யாக்கோபு சாடுகிறார். ஆக, யாருடன் உண்பது, யாரை எங்கே இருத்துவது என்பன நம்பிக்கைக்குப் புறம்பான சில்லறை விடயங்களல்ல. நம்பிக்கை சோதிக்கப்படும் இடம் அதுவே.

இனி, தமிழ்ச் சமூகத்திற் சமத்துவத்தை முன்னெடுத்தவர் யாவர் என நோக்குதல் தகும். யாழ்ப்பாணக் கல்லூரி ஆசிரியரான ஹன்டி பேரின்பநாயகமும் அவரது தோழர்களும் 1924 இல் ஆரம்பித்த மாணவர் காங்கிரஸ், பின்னர் வாலிபர் காங்கிரஸாக வளர்ந்து, தீண்டாமையை எதிர்த்ததோடு சமபந்தி போசனத்தையும் நடத்திக் காட்டியது. அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்கவேண்டும் என்ற ஏற்பாடு 1930 ஆம் ஆண்டை அண்டி நடைமுறைக்கு வந்தபோது, அதற்கு எதிராக மனுக்கள் எழுந்தன, பாடசாலைகள் தீக்கிரையாயின. நிலத்தில் இருந்து படித்த பிள்ளையை வாங்கில் இருத்துவதற்கு அரசாங்கத்தின் கட்டளை வேண்டியிருந்தது. ஒரு நூற்றாண்டுக் காலம் பாடசாலை நடத்திய திருச்சபைகளின் மனச்சாட்சி அக்கட்டளைக்கு முந்தியே அதனை எங்கும் செய்து முடித்திருக்க வேண்டாமா?

இவ்விடத்தில் ஈழத்து இலக்கியத்தின் இரு பெயர்களை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒன்று டானியல், மற்றையது டொமினிக். 1972 இல் ‘பஞ்சமர்’ நாவலைத் தந்து 1986 இல் மறைந்த கே. டானியலும், 1966 இல் ‘மல்லிகை’யைத் தொடங்கி 2021 வரை வாழ்ந்த டொமினிக் ஜீவாவும் கிறிஸ்தவப் பெயர்களைச் சுமந்தவர்கள். ஒடுக்கப்பட்ட சமூகங்களிலே பிறந்த இவ்விருவரும் மனிதராக மதிக்கப்படும் உரிமையைத் தேடிச் சென்ற இடம் ஆலயமன்று. பொதுவுடைமை இயக்கமும் முற்போக்கு எழுத்தாளர் சங்கமுமே. மதம் மாறியும் சாதி மாறாத அவலத்தை டானியல் ‘கானல்’ நாவலிற் பொருளாக்கினார். நாத்திகம் இளைஞரைக் கெடுத்துவிட்டது எனப் பிரசங்கம் செய்வோர், அவ்விளைஞர் ஆலயத்தின் வாயிலைத் தாண்டிச் சென்றது எதனால் என ஒருமுறையேனும் வினவியதுண்டா? நீர் தேடிச் சென்றவனுக்குக் கானலைக் காட்டியவர்கள், அவன் வேறு கிணற்றை நாடினான் என்று குறைகூற உரிமையற்றவர்கள்.

இவையெல்லாம் பழங்கதை, இன்று சாதி எங்கே இருக்கிறது என்பது அடுத்த மறுப்பு. சிரட்டையிலும் தகரப் பேணியிலும் தேநீர் கொடுத்த காலம் போய்விட்டது உண்மையே. அதனைப் போக்கியவை 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டமும், 1966 ஒக்ரோபர் 21 ஊர்வலத்தோடு எழுந்து தேநீர்க் கடைகளிலும் கோயில் வாயில்களிலும் தொடர்ந்த போராட்டங்களுமாகும். அப்போராட்டங்களில் அடிபட்டவர்களும் உயிரிழந்தவர்களும் பெற்றுத் தந்த மாற்றத்தைக் காட்டி, கிறிஸ்தவம் சாதியை வென்றுவிட்டது எனப் பெருமை கொள்வது பிறர் விதைத்ததை அறுப்பதாகும். போர் சாதியை அழித்துவிட்டது என்பாரும் உளர். 1995 இல் வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபோது எல்லோரும் ஒரே வீதியில் நடந்தனர். ஆனால் திரும்பி வந்தபோது அவரவர் ஒழுங்கைக்கே திரும்பினர். 2009 இற்குப் பின்னரும் வடக்கின் நலன்புரி நிலையங்களில் நீண்ட காலம் எஞ்சியிருந்தோருள் சொந்தக் காணியற்ற ஒடுக்கப்பட்ட சமூகத்தவர் கணிசமானோர். இன்றும் ஞாயிறுப் பத்திரிகைகளின் மணமகள் தேவைப் பகுதியைப் புரட்டினால், திருச்சபையின் பெயரை அடுத்துச் சாதியின் பெயர் நிற்பதைக் காணலாம். ஞானஸ்நானத் தண்ணீர் கழுவாததைப் பத்திரிகை மை பளிச்செனக் காட்டுகிறது.

வேறொரு சாராரின் விடை, நம்பிக்கை அவரவர் உள்ளத்துக்கும் இறைவனுக்கும் இடைப்பட்டது என்பதாகும். அதிகாலைச் செபமும் தினசரி வேதவாசிப்பும் உபவாசமும் அவர்களது அன்றாடக் கிறிஸ்தவம். இவை இகழத்தக்கனவல்ல. ஆனால், அயலவனைப் பற்றிய வினா எழும்போதெல்லாம் உள்ளத்துக்குள் ஒளிந்துகொள்வதற்கு இவை உதவுமாயின், அச்செபம் இறைவனை நோக்கிய பாதையன்று. அயலவனிடமிருந்து தப்பிச்செல்லும் பாதையே. இன்னுஞ் சிலர் தருமத்தைக் காட்டுவர். நத்தார் காலத்தில் வறிய குடும்பங்களுக்கு அரிசியும் உடுபுடவையும் பொதிசெய்து கொடுப்பர். கொடுப்பவர் வாயிலின் உள்ளே நிற்க, பெறுபவர் வெளியே நிற்கும் வரையில் அத்தருமம் இடைவெளியைக் குறைப்பதில்லை, அதனை அழகுபடுத்துகிறது. பொதி கொடுப்பது எளிது, பந்தியில் இடம் கொடுப்பதே அரிது. கலிலேயாவின் தச்சர் பாவிகளுக்கும் ஆயக்காரருக்கும் உணவுப் பொதி அனுப்பியதற்காகக் குற்றஞ்சாட்டப்பட்டவரல்லர். அவர்களோடு ஒன்றாக இருந்து உண்டமைக்காகவே குற்றஞ்சாட்டப்பட்டார்.

இப்பொறுப்பினின்றும் பல்கலைக்கழகச் சமூகம் விலகி நிற்க முடியாது. விடுதியில் ஒரே அறையிற் படுத்து, ஒரே கோப்பையிற் தேநீர் பகிர்ந்து, சாதி ஒழிய வேண்டும் என மேடையில் முழங்கும் இளைஞர், பட்டம் பெற்று ஊர் திரும்பியதும் பெற்றார் பார்த்து வைத்த சம்பந்தத்துக்குச் சம்மதித்து, அறைத் தோழனுக்கு அழைப்பிதழை மட்டும் தபாலில் அனுப்புவது அபூர்வமான நிகழ்ச்சியன்று. கேட்டால், தங்கையின் கலியாணம் தடைப்படும் என்பர். தாயார் தாங்கமாட்டார் என்பர். இக்காரணங்கள் பொய்யானவையல்ல. தங்கையின் வாழ்வும் தாயின் கண்ணீரும் உண்மையானவையே. ஆனால், எந்தச் செலவும் இல்லாத நம்பிக்கையை எவரும் வாக்களித்ததில்லை. அந்தியோக்கியாவிற் பேதுருவுக்கும் அஞ்சுவதற்குக் காரணம் இருந்தது. இருந்தும் அவர் கண்டிக்கப்பட்டார்.

மெல்ல மெல்ல மாறும் என்பதே இறுதி ஆறுதல். இருநூறு ஆண்டுகள் மெல்ல மாறுவதற்குப் போதாவிடில், எத்தனை ஆண்டுகள் போதும்? கிறிஸ்தவ வாழ்வு என்பது இப்பிரச்சினையைப் பொறுத்தவரை மறைபொருள் எதுவுமன்று. திருச்சபை தனது வளவிலுள்ள ஒவ்வொரு கதவையும் எல்லோருக்கும் திறந்து, இன்ன கோயில் இன்ன பகுதியாருக்குரியது என்ற ஊர் வழக்கை வெளிப்படையாக மறுதலிக்கலாம். திருமண ஓலை வாசிக்கும் குருவானவர், சாதி பார்த்து நிச்சயிக்கப்பட்ட மணத்தை ஆசீர்வதிப்பதற்கு முன் அப்பெற்றாரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம். வேலைக்கு வருபவருக்கு வேறாக எடுத்து வைத்திருக்கும் கோப்பையை வீட்டுக்காரர் வீசிவிடலாம். சாதியைக் குறிப்பிடும் விளம்பரத்திலே தன் பெயர் இடம்பெறுவதை மணமகன் மறுக்கலாம். இவற்றுள் எதற்கும் இறையியற் பட்டமோ பெருநிதியோ வேண்டியதில்லை. துணிவு ஒன்றே வேண்டும்.

இவற்றைச் செய்யத் துணியாதோர் தாம் விரும்பியவாறு வாழ்ந்துகொள்ளலாம். ஆனால், சாதி சமூக வழக்கம், கிறிஸ்தவம் ஆன்மாவின் வழி என்ற பிரிவினையைக் காட்டித் தம் வாழ்வுக்குக் கிறிஸ்துவின் பெயரைச் சூட்டிக்கொள்ளல் ஆகாது. பந்தியில் இடமளிக்க மறுத்த கைகள் பலிபீடத்தின் முன் எவ்வளவு உயரக் கூப்பப்பட்டாலும், அவை வெறுங் கைகளே.