பிழையான நாணயமா, பழுதான நாணயமா?



சில மாதங்களாக ஆராதனை முடிந்ததும் சபையாரில் சிலர் கைக்குட்டையில் முடிந்துவந்த நாணயங்களை அவிழ்த்து என்னிடம் காட்டுகிறார்கள். “ஐயா, இது லட்சக்கணக்கில் போகுமாம், போனில் பார்த்தோம்” என்பதே பேச்சு. ஏலத்தோட்டத்துக்குக் கூலிவேலைக்குப் போகிற ஒரு சகோதரி, நாணயத்தை விற்றுத் தருவதற்கான ‘பதிவுக் கட்டணம்’ என்று கேட்டவருக்கு மூன்று நாள் கூலியை அனுப்பிவிட்டார். பிறகு அந்த எண்ணில் யாரும் பேசவில்லை.

இப்படிப்பட்டவர்களுக்குப் பொருளாசையைக் குறித்துப் பிரசங்கித்துவிட்டுப் போவது போதகருக்கு எளிது. எனினும் நாணயத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுப்பதே இப்போதைய தேவை என்று நான் கருதுகிறேன். அது கடினமான வித்தையும் அல்ல.

நாணயச்சாலையில் வெறும் உலோக வில்லை ஒன்று, ஒரு வளையத்துக்குள் அமர்ந்து, மேலும் கீழுமாக இரண்டு அச்சுகளுக்கு நடுவே அடிபட்டு நாணயமாகிறது. அந்த வேலையின்போதே நேர்ந்த தவறுதான் பிழை. வெளியே வந்தபின் நேர்ந்த யாவும் பழுது. வில்லை நகர்ந்திருந்தால் உருவம் ஒருபுறம் ஒதுங்கி, எதிர்ப்புறம் பிறைபோல வெறுமையாய் நிற்கும். தகட்டிலிருந்து வில்லை வெட்டும்போது முன்பே வெட்டிய துளையின்மேல் வெட்டு விழுந்தால், ஓரம் கடித்த அப்பளம்போல் குறைபடும். அடித்த நாணயம் அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்த வில்லையின் ஒரு பக்கம் சரியாகவும், மறுபக்கம் அதே உருவம் குழிந்து, கண்ணாடியில் காண்பதுபோல் இடம்வலம் மாறியும் பதியும்.

இந்தக் கடைசி வகையைப் பொய்யாய்ச் செய்ய ஒரு பட்டறை வைஸும் இரண்டு நாணயங்களும் போதும். ஆனால் அப்படி இறுக்கிய நாணயத்தில் பழைய உருவம் நசுங்கி அடியில் எஞ்சியிருக்கும். ஓரம் குறைந்த நாணயத்திலோ குறைக்கு நேர் எதிரான விளிம்பைப் பாருங்கள். உண்மையான பிழையானால் பெரும்பாலும் அங்கும் விளிம்பு மழுங்கியிருக்கும். அரத்தால் ராவினவனுக்கு அது தெரியாது. நம் நாணயத்தைப் புத்தகத் தாள்போல் பக்கவாட்டில் திருப்பினால் பின்புறமும் நேராக நிற்கவேண்டும். சாய்ந்தோ தலைகீழாகவோ நின்றால் அச்சு திரும்பியிருக்கிறது என்று பொருள்.

பிறகு நிறுத்துப் பாருங்கள். பத்து ரூபாய் நாணயத்தின் எடை 7.71 கிராம். தராசைப் பற்றிப் போடிநாயக்கனூர்க்காரருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அதே ஊரில் கிடைத்த, பின்புறம் மீன்குறி பொறித்த பழைய வெள்ளி முத்திரை நாணயக் குவியலைப் பற்றி எழுதிய டி. டி. கோசாம்பி, முத்திரை நாணயங்களை ஒவ்வொன்றாய் நிறுத்து, தேய்மானத்தைக் கொண்டே அவற்றின் காலவரிசையை அறிய முயன்றவர். கணித அறிஞரே தராசை நம்பினார். நாமோ கைப்பேசியை நம்புகிறோம்!

பிழையே அல்லாதவை இன்னும் மிகுதி. ஆண்டின் அடியில் குறி இல்லை என்று ஒரு நாணயத்தைப் பிழை என்பார்கள். மும்பையின் குறி வைரவடிவம், ஹைதராபாத்தின் குறி நட்சத்திரம், நொய்டாவின் குறி புள்ளி. கொல்கத்தா நாணயத்துக்குக் குறியே கிடையாது. 2005 முதல் வந்த எஃகு இரண்டு ரூபாயைச் ‘சிலுவை நாணயம்’ என்று நம்மவர்களே பொத்திப் பாதுகாக்கிறார்கள். வேற்றுமையில் ஒற்றுமையைக் காட்டவே அந்த வடிவம் என்று அரசுத் தரப்பில் சொல்லப்பட்டது. சிலுவைபோல் இருக்கிறது என்ற எதிர்ப்பும் எழுந்தது. 2007இல் விரல் முத்திரை நாணயங்கள் வந்தன. எப்படியாயினும் அது திரளாய் அச்சிடப்பட்ட சாதாரண நாணயம். சிலுவையின் பெயரால் அதற்கு விலை ஏற்றுவது எனக்கு அருவருப்பாயிருக்கிறது.

பழைய நாணயங்களை வாங்கவோ விற்கவோ தான் ஈடுபடுவதில்லை, அதற்குக் கட்டணமும் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்துள்ளது. முன்பணம் கேட்பவர் அந்த வங்கியின் பெயரைச் சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். உண்மையான பிழை நாணயத்துக்குச் சேகரிப்போர் நல்ல விலை கொடுப்பதுண்டு. அவர்கள் நாணயத்தை நேரில் பார்த்துத்தான் கொடுப்பார்கள். நம் வாலிபரில் எவரேனும் சுத்தியலால் நசுக்கியதைப் ‘பிழை’ என்று விற்றால், அது ஏலக்காய் மூட்டையில் கல்லைச் சேர்ப்பதற்குச் சமம்.

பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்று இன்னும் சில கடைகளில் மறுக்கிறார்கள். பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டது. கடைக்காரர் வாங்காவிட்டால் காணிக்கைப் பையில் போடுங்கள். நம் பொருளாளர் முகம் சுளிக்கமாட்டார். வரும் ஞாயிறு ஆராதனைக்குப் பின் ஒரு சிறு தராசும் பூதக்கண்ணாடியும் மேசைமேல் இருக்கும். உங்கள் முடிச்சுகளைக் கொண்டுவாருங்கள், சேர்ந்து பார்ப்போம். வாங்குவதற்கு ஆள் தேடித்தரும்படி மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.