கால் ஊன்றினால் ஒரு மார்க்!

மோட்டார் சைக்கிள் பந்தயம் என்றதும், காதைக் கிழிக்கும் சத்தமும் முழங்கால் தரையில் உரச வளைவில் பறக்கும் வண்டிகளும்தான் ஞாபகத்துக்கு வரும். மே மாதத்தில் ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியம் பக்கம் போனால், இதற்கு நேர் எதிரான ஒரு பந்தயத்தைப் பார்க்கலாம். பெயர் ‘ஸ்காட்டிஷ் சிக்ஸ் டேஸ் ட்ரயல்’. ஆறு நாள் போட்டி. ஓடைக்குள் பாசி பிடித்த பாறைகள். அவற்றின் மேல் ஒருவர் வண்டியில் நின்றபடியே ஏறிக்கொண்டிருப்பார். ஆமாம், நின்றபடிதான். ட்ரயல்ஸ் வண்டியில் சீட் என்பது பெயருக்குத்தான். வேகம்? பக்கத்தில் நடந்து வருபவர் முந்திவிடுவார்.

முதலில் வருபவருக்கு இங்கே பரிசு கிடையாது. குறித்து வைத்திருக்கும் பாதையைக் கால் ஊன்றாமல் கடந்தால் பூஜ்யம். ஒருமுறை ஊன்றினால் 1 மார்க், இருமுறை என்றால் 2, அதற்கு மேல் எத்தனை முறை ஊன்றினாலும் 3. விழுந்தாலோ, பாதையை விட்டு வெளியே போனாலோ 5. மார்க் குறைவாக எடுத்தவர்தான் ஜெயித்தவர். பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரிந்தால் சந்தோஷப்படுவார்கள்!

ஒருகாலத்தில் கனமான பிரிட்டிஷ் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகள்தான் இந்தப் போட்டியை ஆண்டன. 1965-ல் வட அயர்லாந்துக்காரரான சாமி மில்லர், ஸ்பெயின் நாட்டு ‘புல்டாகோ ஷெர்பா’வில் வந்து ஜெயித்தார். எடை குறைந்த டூ ஸ்ட்ரோக் வண்டி அது. அன்றிலிருந்து காற்று அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வைத்த ட்ரயல்ஸ் வண்டிகள் வந்த பிறகும், பல வண்டிகளில் இன்றும் இருப்பது டெல்ஆர்ட்டோ அல்லது கெய்ஹின் கார்புரேட்டர்தான்.

இந்த விளையாட்டில் ஓட்டுபவரின் மானம், அந்தக் கார்புரேட்டருக்குள் இருக்கும் மிகச்சிறிய ஓட்டையில் இருக்கிறது.

ஆக்சிலரேட்டரை முழுதாகத் திருகினால் பெட்ரோலை அளந்து விடுவது மெயின் ஜெட். நடு அளவில் திருகினால் அந்த வேலை நீடிலுக்குப் போகும். திருகியும் திருகாமலும் லேசாகப் பிடித்திருக்கும்போது பொறுப்பு பைலட் ஜெட்டினுடையது. நம் ஊர் மெக்கானிக்குகள் ‘ஸ்லோ ஜெட்’ என்பார்களே, அதுதான். தார்ச்சாலையில் பறக்கும் பந்தய வண்டிக்கு மெயின் ஜெட் உயிர். பாறை மேல் ஊர்ந்து போகும் வண்டிக்கு ஸ்லோ ஜெட்தான் எல்லாம். டெல்ஆர்ட்டோவில் ஜெட்டின் எண்ணே ஓட்டையின் அளவு. 36 என்று பொறித்திருந்தால் 0.36 மில்லிமீட்டர். முதலில் அடைபடுவதும் இதுதான்.

அடைப்பது எது? பெரும்பாலும் பெட்ரோலேதான். வண்டி இரண்டு மாதம் சும்மா நின்றால் பெட்ரோலின் லேசான பகுதி ஆவியாகிப் போய், பிசின் மாதிரி ஒன்று தங்கிவிடும். பெட்ரோலில் கலக்கும் எத்தனால் காற்றில் இருக்கும் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைத் திறந்தால் வெள்ளையாகப் பொருக்கு பூத்திருக்கும். பிரிட்டனில் 2021 செப்டம்பரில் சாதாரண பெட்ரோலில் எத்தனால் 10 சதவிகிதமானது. நம் ஊரில் இப்போது 20. வீட்டில் பழைய ஆர்.எக்ஸ். 100-ஐப் பத்திரமாக வைத்திருப்பவர்களுக்கும் இது தெரிந்த தலைவலிதான்.

அடைப்பு என்றால் ‘ஸ்டார்ட் ஆகவில்லை’ என்பதோடு முடிந்துவிடாது. பாதி அடைத்த ஜெட் இன்னும் மோசம். பெட்ரோல் குறைந்து, காற்று கூடிவிடும். அப்போது ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் வேகம் உடனே இறங்காமல் அந்தரத்தில் நிற்கும். செங்குத்துப் பாறையின் உச்சியில், ‘இப்போது நில்’ என்று கையை விட்டால் வண்டி நிற்காமல் தள்ளிக்கொண்டு போகும். அந்த இடத்தில் 5 மார்க்கோடு போனால் அதிர்ஷ்டம். மணிக்கட்டும் சேர்ந்து போகலாம். இன்னொரு ஆபத்தும் உண்டு. டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்கான ஆயிலும் பெட்ரோலோடு கலந்துதான் வருகிறது. 80-க்கு 1 என்று கலந்தால் 4 லிட்டருக்கு 50 மில்லி. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், சூடு ஏறும், பிஸ்டன் ஜாம் ஆகும்.

சரி, சுத்தம் செய்வது எப்படி? கழற்றுவதற்கு முன்பே கார்புரேட்டரை வெளியே நன்றாகத் துடைத்துவிட வேண்டும். இதை விட்டுவிட்டு, உள்ளே இல்லாத மண்ணையும் உள்ளே தள்ளிவிடுபவர்களே அதிகம். நெருப்பு, சிகரெட், சுவிட்ச் பொறி எதுவும் அருகில் கூடாது. அடுத்து ஏர் ஸ்க்ரூ. கழற்றும் முன் அதை மெதுவாக உள்ளே திருகி, முட்டும் வரை எத்தனை சுற்று என்று எண்ணி எழுதி வைக்க வேண்டும். ஒன்றரைச் சுற்று என்றால் ஒன்றரை. இந்த ஒரு சீட்டு பிறகு ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும். முட்டிய பிறகும் இறுக்கினால் ஸ்க்ரூவின் முனையும் அது உட்காரும் இடமும் கெட்டுவிடும்.

ஜெட் பித்தளை. பொருந்தாத ஸ்க்ரூ டிரைவரை வைத்தால் தலை வழித்துக்கொள்ளும். அடைப்பை எடுக்கக் கம்பியோ குண்டூசியோ வேண்டவே வேண்டாம். ஓட்டை நூலளவு பெரிதானாலும் அது வேறு எண் ஜெட் ஆகிவிடும். கிளீனர் ஸ்ப்ரேயில் ஊறவைத்து, காற்றடித்து, பிறகும் அடம்பிடித்தால் நைலான் தூண்டில் நரம்பு. ஜெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால், ஓட்டை வட்டமாக, பளிச்சென்று தெரிய வேண்டும். தெரியவில்லையா? புது ஜெட் வாங்கிவிடுவதே லாபம். ஜெட்டோடு நின்றுவிடவும் கூடாது. அது உட்காரும் துளையில் இருந்து போகும் வழிகளிலும் காற்றடிக்க வேண்டும். கண்ணாடி போடாமல் செய்தால் ஸ்ப்ரே திரும்பிக் கண்ணில்தான் தெறிக்கும். ரப்பர் வளையங்களை முன்பே எடுத்துவிட்டால் ஸ்ப்ரேயில் உப்பிப் போகாமல் தப்பிக்கும். ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டிப் பார்ப்பது நல்லது. உள்ளே சலசலத்தால் அது ஓட்டை.

மாட்டும்போது ஸ்லைடில் வெட்டுள்ள பக்கம் ஏர் ஃபில்டரைப் பார்த்திருக்க வேண்டும். இன்ஜினை உதைக்கும் முன் ஆக்சிலரேட்டரைத் திருகி விட்டால் ‘டக்’கென்று திரும்ப வேண்டும். அந்தச் சத்தம் கேட்காத வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது.

ட்யூனிங் இன்ஜின் சூடான பிறகுதான். எழுதி வைத்த சுற்றில் ஏர் ஸ்க்ரூவை வைத்துவிட்டு, கால் கால் சுற்றாகத் திருப்பினால் ஓர் இடத்தில் ஐடிலிங் தானாகவே உயரும். அங்கே நிறுத்தி, ஐடிலிங் ஸ்க்ரூவால் வேகத்தை இறக்க வேண்டும். ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் வெளியே திருகத் திருகக் காற்று கூடும். இன்ஜின் பக்கம் இருந்தால் பெட்ரோல் கூடும். இதில் குழம்பாத ஆளே இல்லை. கையை விட்டதும் வேகம் அந்தரத்தில் நின்றால் பெட்ரோல் போதவில்லை, அல்லது ரப்பர் வழியே காற்று கசிகிறது. சட்டென்று தாழ்ந்து, முக்கி, பிறகு எழுந்தால் பெட்ரோல் அதிகம்.

கடைசிச் சோதனைக்கு மலை வேண்டாம். முதல் கியரில், கிளட்ச் தொடாமல், ஒரு சின்ன வட்டத்துக்குள் நின்றபடி சுற்றினால் போதும். இன்ஜின் முக்கவும் கூடாது, முன்னே தள்ளவும் கூடாது. அன்றைய ஓட்டம் முடிந்து வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தப் போகிறவர்கள், பெட்ரோல் டேப்பை மூடி, அடிக்கிண்ணத்தின் ஸ்க்ரூவைத் தளர்த்தி, மிச்சம் இருக்கும் நாலு சொட்டையும் வடித்துவிட வேண்டும். இரண்டு நிமிட வேலை.